மாவு மூடிய நேரம்

விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடைகளின் வரிசை முடிகிற இடத்தில் சாதிக் பாட்சாவின் பரோட்டாக் கடை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. சாயங்காலத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. பெரிய கல்லில் எண்ணெய் குளமாக நிற்க, அதில் பரோட்டாக்கள் மொறுமொறுவென்று சிவந்து வரும் வாசனை தெருமுனையிலேயே ஆளைப் பிடித்து இழுத்துவிடும்.

மதியம் போனால் காட்சி வேறு. ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். குனிந்து பார்த்தால் உள்ளே இரண்டு உருவங்கள் அசையாமல் கிடக்கும். மேசைமேல் ஈரத்துணி போர்த்திய மாவு. பெஞ்சின்மேல் துண்டு போர்த்திய சாதிக். "ரெண்டுல எது மாவு, எது மாஸ்டருன்னு தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்று சால்னா போடும் கருத்தப்பாண்டி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான்.

சாதிக்கின் அக்கா மெகருன்னிசாவுக்கு அந்தக் கிண்டல் பிடிக்காது. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கணவன் சம்சுவின் தையல் சாமான் கடையில் நூல்கண்டுகளை வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை அவள்தான் அடுக்குவாள். யாராவது ஒரு கண்டை மாற்றி வைத்துவிட்டால் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவாள். தம்பி கடைச் சால்னாவுக்கு மசாலா வறுத்து அரைப்பதும் அவள்தான். அதைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு தினமும் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்குக் கடைக்குப் போவாள். இப்படிப்பட்டவளுக்கு, ஊரே வேலை பார்க்கும் பட்டப்பகலில் தன் தம்பி நீட்டிப் படுத்திருப்பது கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

சாதிக்குக்கு அந்தப் பழக்கம் சும்மா வந்துவிடவில்லை. மீசை முளைக்கும் வயதில் வேறொருவர் கடையில் மாவு பிசையப் போனான். அங்கிருந்த மாஸ்டர் மதியம் மாவை மூடி வைத்துவிட்டுச் சாயங்காலம் வரை அரட்டை அடிப்பார். ராத்திரிக் கூட்டம் ஏறும்போது ஆள் தளர்ந்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் வைவார். சாதிக்கும் அவரோடு சேர்ந்து முழித்துக்கிடந்தான். ஒரு ராத்திரி நின்றபடியே கண்ணயர்ந்து முழங்கையைக் கல்லில் வைத்துவிட்டான். மெகருன்னிசா அந்தப் புண்ணுக்கு மருந்து போட்டபோது அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"மாவ எதுக்குக்கா மூடி வைக்கிறோம்?"

"இல்லாட்டி இழுத்தா அறுந்துபோகும்."

"எனக்கும் ராத்திரியானா அப்படித்தான் அறுந்துபோகுது."

அன்று முதல் மாவை மூடினால் அவனும் படுத்துவிடுவான். தனிக்கடை போட்ட பிறகு அது சட்டமாகவே ஆகிவிட்டது. கத்திரி வெயிலில் மாவு சீக்கிரம் இளகிவிடும், அவன் தூக்கமும் கோழித்தூக்கமாக முடிந்துவிடும். மார்கழிக் குளிரில் மாவுக்கு நேரம் பிடிக்கும், அவனும் நிதானமாகப் புரண்டு படுப்பான். கடிகாரத்தில் அலாரம் வைத்து அக்கா பார்த்ததில்லை. எழுந்ததும் முதல் வேலையாக மாவை ஒரு விரலால் அழுத்திப் பார்ப்பான். அது எப்போதும் சரியாக இருக்கும்.

"பள்ளிவாசல்ல கைலூலான்னு சொல்றாகளாமே, மதியத் தூக்கம். கேக்குறவுககிட்ட அதுன்னு சொல்லிற வேண்டியதுதான மாப்ளே?" என்று கருத்தப்பாண்டி ஒருநாள் யோசனை சொன்னான்.

"அவுக நன்மைக்குத் தூங்குறாக. நான் பரோட்டாவுக்குத் தூங்குறேன். ரெண்டையும் சேத்துப் பொய் சொல்லக் கூடாது" என்றான் சாதிக்.

ராத்திரியில் அவனைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் மெகருன்னிசாவுக்குத் தம்பியைப் பற்றிப் பெருமை தாங்காது. வத்தல் லோடு ஏற்றிவிட்டு வரும் லாரிக்காரர்கள், அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு இறங்குகிறவர்கள், பஸ் பிடிக்கும் அவசரத்தில் நிற்கிறவர்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். சாதிக் யாரிடமும் முகம் சுளிக்க மாட்டான். கை மாவை வீசிக்கொண்டே இருக்கும், காது கேட்டுக்கொண்டே இருக்கும், வாய் சிரித்துக்கொண்டே இருக்கும். "அண்ணாச்சிக்கு முறுகலா ரெண்டு, பாப்பாவுக்குப் பிச்சுப்போட்டு ஒண்ணு" என்று யாருடையதும் மாறாமல் போகும். மாவு தீர்ந்தால் கடை மூடிவிடும். தீபாவளி சீசனில் வெடி வாங்க வெளியூர்க் கார்கள் வரிசையாக வரும் ராத்திரியிலும் இரண்டாவது மாவு பிசைந்தது இல்லை. "தீந்துருச்சுண்ணே, நாளைக்கு வாங்க" என்பான். அதையும் சிரித்த முகத்தோடுதான் சொல்வான்.

ஆனால் பெண் கொடுப்பவர்கள் ராத்திரியில் வந்து பார்ப்பதில்லையே! மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் பகலில்தான் வருவார்கள். சாத்தூரிலிருந்து வந்தவர்கள் ஷட்டருக்குள் எட்டிப்பார்த்துவிட்டுப் பேசாமல் பஸ் ஏறிவிட்டார்கள். அருப்புக்கோட்டைக்காரர்கள் கொஞ்சம் மரியாதையாக, "பையனுக்கு உடம்புக்கு ஏதும் சீக்கா?" என்று கேட்டனுப்பினார்கள். சாதிக்குக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. எங்காவது நிக்காஹ் வீட்டுக்குப் போய்வந்தால் மெகருன்னிசாவுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

அப்படி ஒரு நிக்காஹ் வீட்டில்தான் அவள் ஹாஃபிஸாவைப் பார்த்தாள். சிவகாசியில் மண்டபத்து வாசலில் நூற்றுக்கணக்கான செருப்புகள் மிதிபட்டுச் சிதறிக் கிடந்தன. ஒரு பெண் முந்தானையைச் செருகிக்கொண்டு, யாரும் சொல்லாமலே, அவற்றை ஜோடி ஜோடியாகச் சேர்த்துச் சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தாள். மெகருன்னிசா விருந்துக்கே போகாமல் நின்று பார்த்தாள். 'இவ நம்ம வீட்டுக்கு வரணும்' என்று அப்போதே முடிவுகட்டிவிட்டாள்.

விசாரித்ததில் பெண்ணின் அத்தா அப்துல் ஹக்கீம் சிவகாசியில் தினசரி காலண்டர் வேலை எடுத்துச் செய்பவர் என்று தெரிந்தது. அச்சாகி வரும் தேதித்தாள்களை வரிசையாக அடுக்கித் தைத்து, தகரம் அடித்து, அட்டையில் ஏற்றி அனுப்புவது அவர் தொழில். நல்ல குடும்பம். சம்சு ஆள் வைத்துப் பேச, அவரும் மாப்பிள்ளையைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். கூடவே ஒரு தகவலும் வந்தது. ஹக்கீமுக்குப் பகல் தூக்கமே ஆகாது. காலண்டர் சீசனில் ராத்தூக்கமும் கிடையாது. ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகள் வெளிவந்தால், அதன்பின் தை பிறக்கும் வரை தன் முதுகு தரையில் படாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மனிதர்.

மெகருன்னிசா உஷாரானாள். அவர் வருகிற நாளில் காலையிலேயே கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏலே சாதிக்கு, இன்னைக்கு ஒருநாள் நீ படுக்கக் கூடாது."

"மாவு?"

"மாவு படுக்கட்டும். நீ உக்காரு. இந்தா டீயக் குடி."

அக்கா சொல்லி அவன் எதையும் தட்டியதில்லை. குடித்தான். கொஞ்ச நேரத்தில் கண் சொருகியது. இன்னொரு டீ வந்தது. பிறகு இன்னொன்று.

அசருக்குப் பிறகு வருவதாகச் சொன்ன ஹக்கீம், பக்கத்தில் வத்தல் கமிஷன் கடை நல்லசிவம் அண்ணாச்சியிடம் காலண்டர் ஆர்டர் பிடித்த வேலை சீக்கிரம் முடிந்ததால், லுஹர் என்ற மதியத் தொழுகை முடிந்த கையோடு வந்து நின்றார். ஒல்லியான, உட்கார்ந்தாலும் நிற்பவர் போலவே இருக்கும் மனிதர். சம்சு ஓடிவந்து நாற்காலி போட்டான். மெகருன்னிசா உள்ளே பாய்ந்தாள்.

"பரோட்டா போடுலே!"

"மாவு இன்னும் எந்திரிக்கலக்கா."

"எந்திரிக்காட்டி எழுப்பு!"

எழுப்பினான். வீசிய மாவு காற்றிலேயே கிழிந்தது. ஒட்டவைத்து மறுபடி வீசினான், மறுபடி கிழிந்தது. எப்படியோ கல்லில் போட்டு எடுத்துக் கொடுத்ததை ஹக்கீம் வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார். மென்றார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மென்றார். கருத்தப்பாண்டி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

பிறகு பேச்சு. ஹக்கீம் தான் காலண்டர் தொழிலுக்கு வந்த கதையை ஆரம்பித்தார். ஒற்றை ஆளாக ராப்பகலாக அடுக்கிக் கொடுத்த முதல் ஆர்டர், மழையில் நனைந்த தாள்களைச் சட்டி நெருப்பில் காயவைத்தது என்று அவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்கையில், எதிரே இருந்த மாப்பிள்ளையின் தலை மெதுவாகச் சாய்ந்து சம்சுவின் தோளில் போய்ப் படிந்தது. சின்னதாக ஒரு குறட்டையும் வந்தது.

ஹக்கீம் கதையைப் பாதியில் நிறுத்தினார்.

"நான் பேசுனா தூங்குற வேலையாளும் எந்திரிச்சு உக்காந்துருவான். நான் பேசித் தூங்குனது உங்க மச்சினன் ஒருத்தருதான்" என்று சம்சுவிடம் சொல்லிவிட்டு எழுந்தார். "பெறகு சொல்லி அனுப்புறேன்."

பெறகு சொல்லி அனுப்புவது என்றால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவர் போனதும் சாதிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு விழித்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். தட்டில் கிடந்த பரோட்டாவைப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"சிரிக்காதலே, எரிச்சலக் கெளப்பாத!"

"மாவையும் என்னையும் ஒரே நேரத்துல எழுப்பிவிட்டா எப்டிக்கா?"

கொஞ்ச நாள் அவள் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மசாலா மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

அந்த ஆண்டு தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்து போயின. மழை நின்று மார்கழிக் குளிர் இறங்கியது. ஹக்கீமிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. சிவகாசியில் காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. நல்லசிவம் அண்ணாச்சி கடைக்குக் காலண்டர்க் கட்டுகள் லோடு வேனில் வந்து இறங்கியதைச் சாதிக்கே ஒரு காலையில் பார்த்தான். யார் வீட்டு வேலை என்று தெரிந்தும் தெரியாதது போல உள்ளே போய் மாவைப் பிசைந்தான்.

நல்லசிவம் அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். புதுக் காலண்டர் வந்ததும் வருஷம் முழுவதையும் ஒருதரம் புரட்டிப் பார்த்து, வெளியூர்ப் பாக்கி வசூலுக்குப் போக நல்ல நாள் குறித்துக்கொள்வார். அப்படிப் புரட்டியவர் மே மாதத்தில் நின்றார். இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கிழிக்காமல் மடக்கிப் பார்த்தால், அடுத்த தாளும் இருபத்தொன்று ஞாயிற்றுக்கிழமை. அதற்கடுத்து இருபத்துமூன்று செவ்வாய். வேறொரு காலண்டரை எடுத்தார். அதிலும் அப்படியே. கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்தும் எதிலும் திங்கட்கிழமையைக் காணவில்லை. உடனே சிவகாசிக்குப் போன் பறந்தது.

ஹக்கீம் அடுத்த நாளே வந்தார். அண்ணாச்சி கடைக்குள் என்ன பேச்சு நடந்தது என்பது தெருவுக்கே கேட்டது. "என் வாடிக்கைக்காரன் திங்கக்கெழமை வத்தல் லோடோட வந்து நின்னா, இன்னைக்கு ஞாயிறு, போயிட்டு நாளைக்கு வாங்கன்னு சொல்லவா?" என்று கத்தினார் அண்ணாச்சி. ஹக்கீம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப்போய்த் தகரத்தைக் கழற்றிப் பிரித்து மறுபடி அடுக்கித் தருவதாக முனகினார். புத்தாண்டுக்கு நாள் நெருங்கிவிட்டது, அது நடக்காது என்பது இருவருக்குமே தெரியும். "வெளிக்காத்து வாங்கிட்டு வந்து சொல்றேன்" என்று வெளியே வந்தவருக்குத் தெரு இரண்டாகத் தெரிந்தது. சுவரைப் பிடித்தபடி நடந்தவர் பாதி இறங்கிய ஒரு ஷட்டருக்கு முன்னால் நின்றுவிட்டார்.

சாதிக் அப்போதுதான் மாவின்மேல் ஈரத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். குனிந்து பார்த்தவன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. உள்ள வாங்க."

"நான் இங்கன வரல தம்பி. சும்மா நின்னேன்."

"சும்மாவே வந்து உக்காருங்க. கண்ணு ரத்தமாச் செவந்திருக்கே, தூங்கி எம்புட்டு நாளாச்சு?"

ஹக்கீம் பெஞ்சில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், ஆள் வேண்டும், தகரம் வேண்டும் என்று ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு வந்தது பேச்சு. சாதிக் பொறுமையாகக் கேட்டான். பிறகு மைதா மூட்டைகளின்மேல் ஒரு சாக்கை விரித்தான்.

"மாமா, மாவ மூடியாச்சு. இனி இந்தக் கடையில ஒரு வேலையும் ஓடாது. பேச்சும் ஓடாது. நீங்களும் செத்த சாயுங்க. மாவு எந்திரிக்கும்போது எல்லாருமா எந்திரிச்சு யோசிப்போம்."

"நான் பகல்ல படுக்கிற ஆளில்ல."

"தெரியும். சும்மா சாயுங்க."

சாய்ந்தார். 'திங்கக்கெழமையத் தனியா...' என்று ஏதோ சொல்ல வாயெடுத்தவர், வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனார்.

மெகருன்னிசா அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகவே தூக்குவாளியோடு வந்து குனிந்து பார்த்தபோது உள்ளே மூன்று உருவங்கள் கிடந்தன. மூட்டைமேல் கிடந்த மூன்றாவது உருவத்தை அடையாளம் கண்டதும் 'யா அல்லாஹ்' என்று வாயைத் திறந்தாள். வாசலில் குத்தவைத்திருந்த கருத்தப்பாண்டி உதட்டில் விரலை வைத்தான்.

"அக்கா, சத்தம் போடாதீக. சம்பந்தி தூங்குறாரு."

நடந்ததை அவன் காதோடு சொன்னான். அவள் தூக்குவாளியை ஓசையில்லாமல் கீழே வைத்தாள். வீட்டில் அவரைத் தேடுவார்களே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. காலண்டர் அட்டையின் அடியில் அதைச் செய்தவரின் போன் நம்பர் இருக்கும் என்று தெரியும். பக்கத்துப் பலசரக்குக் கடையில் தொங்கிய ஹக்கீமின் மாதிரிக் காலண்டரில் அதைப் பார்த்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தாள். மறுமுனையில் எடுத்தது ஹாஃபிஸா.

"விருதுநகர்ல இருந்து மெகருன்னிசா பேசுறேம்மா. சம்சு வீட்டம்மா. உங்க அத்தா எங்க கடையிலதான் இருக்காக. பயப்படாத. தூங்குறாக."

மறுமுனையில் அடுக்கிய தாள்கள் சரியும் சத்தம் கேட்டது.

"அத்தாவா? தூங்குறாகளா? நெசமாவா அக்கா?"

"கொறட்டைய என் காதால கேட்டுட்டுத்தாம்மா வாரேன்."

"எழுப்பிராதீக அக்கா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எழுப்பிராதீக." சிரிப்பும் அழுகையும் கலந்த குரல். "அந்தத் தாள்களை அடுக்குறதுக்கு வரிசை வச்சது அவுகதான். நாலு ராத்திரி முழிச்ச கண்ணோட வச்சாக. எடுத்து அடுக்கும்போதே கேட்டேன், அத்தா ஞாயிறு ரெண்டு வருதேன்னு. நான் வச்சது சரியாத்தான் இருக்கும், கைய ஓட்டுன்னாக. எதுத்துப் பேசுனா இன்னும் எரிஞ்சு விழுவாக. இந்த வீட்டுல ஐப்பசிக்குப் பெறகு சிரிச்ச மொகத்தப் பாக்கணும்னா தை பொறக்கணும்."

மெகருன்னிசா ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். ஹாஃபிஸாவே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா... உங்க தம்பி தூங்கி எந்திரிச்சா எப்டி இருப்பாக?"

"சிரிச்ச மொகமா இருப்பான்மா. ராத்திரி கடை சாத்துற வரைக்கும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷமாகத் தம்பியின் தூக்கத்தையும் சிரிப்பையும் தினமும் பார்த்தவள், இரண்டையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தவள் ஷட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஜவுளிக்கடை விளம்பரம் கத்திக்கொண்டு வந்த ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தி, மைக்கை அணைக்கச் சொல்லி, தெரு தாண்டியபின் போட்டுக்கொள் என்றாள். சில்லறை கேட்டு வந்தவனைக் கண்ணாலேயே விரட்டினாள். அடுத்து நல்லசிவம் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"அந்த ஆளு காத்து வாங்கப் போறேன்னு போனாரு. இங்கன வந்தாரா?"

"வந்திருக்காக அண்ணாச்சி. மெல்லப் பேசுங்க. தூங்குறாக."

"தூங்குறாரா? என் காலண்டர்ல ஒரு நாளையே காணோம், அவரு தூங்குறாரா?"

"தூங்காமக் கெடந்ததுனாலதான் அண்ணாச்சி அந்த நாளு காணாமப் போச்சு."

அண்ணாச்சி மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார். குனிந்து உள்ளே பார்த்தார். அவரும் வியாபாரிதான். வத்தல் சீசனில் எடை போட்டுப் போட்டுக் கண் இருண்டு, ஒரு மூட்டையை இரண்டு தடவை எண்ணிய நாள் அவருக்கும் உண்டு.

"எப்ப எந்திரிப்பாரு?"

"மார்கழியில்லையா, மாவுக்குச் செத்த நேரம் பிடிக்கும்."

"மாவுக்கா? சரியாப்போச்சு" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனால் திரும்பிப் போகும்போது செருப்புச் சத்தம் கேட்காமல்தான் நடந்தார்.

அசர் பாங்கு சொல்லி முடிந்த பிறகு சாதிக் எழுந்தான். விரலால் மாவை அழுத்தினான். தொழுதுவிட்டு வந்து உருண்டை பிடிக்கத் தொடங்கினான். வீசிய மாவு மேசையில் 'பத், பத்' என்று விழும் சத்தத்தில்தான் ஹக்கீம் கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, எதையோ வெளியில் தேடிவிட்டு வீட்டுக்குள்ளேயே கண்டுபிடித்தவர் போலச் சொன்னார்.

"எதுக்குப் பிரிக்கணும்?"

"என்ன மாமா?"

"தகரத்தத் தொடவே வேணாம். திங்கக்கெழமைத் தாள மட்டும் தனியா அடிச்சு, ரெண்டாவது ஞாயித்து மேல பசை தடவி ஒட்டிற வேண்டியதுதான. அண்ணாச்சி கிட்டங்கியில வச்சே ஒட்டிறலாம். இது ஏன் காலையில எனக்குத் தோணல?"

சாதிக் சிரித்துக்கொண்டே தட்டை வைத்தான். முறுகிச் சிவந்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு மேலே சால்னா ஊற்றினான் கருத்தப்பாண்டி. ஹக்கீம் ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார். தட்டைப் பார்த்தார்.

"அன்னைக்கு மென்னதுல இந்தக் கடவாப்பல்லு இன்னும் வலிக்கு. அதே கைதான இது?"

"அன்னைக்கு நடந்தது நான் பண்ணின கூத்து" என்று ஷட்டருக்கு வெளியிலிருந்து மெகருன்னிசாவின் குரல் வந்தது. "நீங்க பாத்துருவீகன்னு அவனத் தூங்க விடல. மாவையும் தூங்க விடல."

ஹக்கீம் இன்னும் இரண்டு பரோட்டா கேட்டு வாங்கினார். சாப்பிட்டுக் கையைக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே சாதிக்கிடம் கேட்டார்.

"கலியாணத்துக்குப் பெறகும் பகல்ல தூங்குவீகளா?"

மெகருன்னிசா வெளியே ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்தாள். 'இல்லைன்னு சொல்லிரு, ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லிரு' என்று பழைய மனது துடித்தது. பிறகு, 'சொல்லிராதலே' என்று இன்னொரு மனது சொன்னது.

"மாவு தூங்குற வரைக்கும் தூங்குவேன் மாமா" என்றான் சாதிக்.

"நல்லது. எங்க வீட்டுல யாராச்சும் ஒருத்தருக்காவது அது தெரிஞ்சிருக்கணும்."

வெளியே ஸ்டூல் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

ஒட்டும் வேலை அண்ணாச்சியின் கிட்டங்கியில், வத்தல் மூட்டைகளுக்கு நடுவே, காலை நேரங்களில் நடந்தது. உச்சிவெயில் ஏறியதும் ஹக்கீம் வேலையாட்களைச் சாப்பிட்டுச் சாயச் சொல்லிவிட்டு, தானும் யாரும் கூப்பிடாமலே மைதா மூட்டையைத் தேடி வந்தார். புத்தாண்டுக்குள் எல்லாம் முடிந்தது. ஒட்டாத காலண்டர் ஒன்றைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார் அண்ணாச்சி. "திங்கக்கெழமை இல்லாத வாரம் ஒண்ணு வருதுன்னா எனக்கு மட்டும் கசக்குதா?" என்றார்.

அதேபோல ஒட்டாத இன்னொன்று சாதிக்கின் கடையில் தொங்கியது. நாள் குறிக்க வந்த ஹக்கீம் அதைத்தான் புரட்டினார். மே மாதத்தில் நிறுத்தினார்.

"இந்த ஞாயித்துக்கெழமை வச்சிருவோம். இதுல ரெண்டு ஞாயிறு இருக்கு. ஒண்ணு கலியாணத்துக்கு, ஒண்ணு தூங்குறதுக்கு."

அப்படியே நடந்தது. நிக்காஹ் முடிந்த மறுநாள், ஊருக்கெல்லாம் திங்கட்கிழமை. மெகருன்னிசா வீட்டில் பிரியாணிச் சட்டிகள் குவிந்து கிடந்தன. மதியச் சாப்பாடு முடிந்ததும் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கூடத்தில் ஹக்கீம் குறட்டை விட்டார். சம்சு செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு கிடந்தான். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் இருந்த அறையில் பேச்சு நின்று வெகுநேரமாகியிருந்தது. வாசலில் வந்தவர்களின் செருப்புகள் மட்டும் ஜோடி ஜோடியாகச் சுவரோரம் முழித்துக்கொண்டிருந்தன. ஹாஃபிஸா படுக்கப் போகுமுன் செய்துவிட்டுப் போன வேலை.

மெகருன்னிசா சட்டிகளைப் பார்த்தாள். கழுவாத பாத்திரத்தை வைத்துவிட்டு அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குழாயைத் திறக்கக் கையை வைத்தவள், திறக்காமல் நின்றாள். ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, சட்டிகளின்மேல் ஈ மொய்க்காமல் இழுத்து மூடினாள். நான்கு மூலையும் சரியாக இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டாள். பிறகு உள்ளே வந்து, ஹக்கீமின் குறட்டை அவ்வளவாகக் கேட்காத இடமாகப் பார்த்துப் பாயை விரித்தாள்.